தெரியாத கேள்விக்கு ஸ்டார் கிடையாது

சாந்தோம்
22 ஜூன் 2025, ஞாயிறு

என் அருமை ரஞ்சு,

பூசை முடிந்து வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். இட்லி ஆறுகிறது என்று அம்மா சமையலறையிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஆறட்டும்.

உன் போனை வசுமதி ஆன்ட்டி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று சோஃபியா வந்து சொன்னாள். ஒன்பதாம் வகுப்புக்கே போன் பீரோவுக்குப் போனால், பத்தாம் வகுப்பில் உன்னையே உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். ஆகவே நான் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். என் தங்கை சோஃபியாதான் தினமும் சாயந்திரம் உங்கள் வீட்டு மாடிக்கு, உன் அம்மாவிடம் டியூஷன் வருகிறாளே, அவளுடைய ஸ்நாக்ஸ் பையில் என் கடிதம் வரும். உன் பதில் அதே பையில் திரும்பட்டும். கொஞ்சம் முறுக்கு எண்ணெய் படும், பொறுத்துக்கொள்.

நீ கோபாலபுரம் பள்ளிக்குப் போனதிலிருந்து வகுப்பில் எனக்குப் பேச்சுத் துணை இல்லை. உன் இடத்தில் இப்போது ஒரு புதுப் பெண் உட்காருகிறாள். நல்லவள்தான். ஆனால் வரலாற்றுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவளிடம் ஒரு கேள்வி கேட்டேன். "எதுக்கு? புக்குதான் எதிர்லயே இருக்கே" என்றாள்!

அவளுக்கு நம் கதையைச் சொன்னேன். ஏழாம் வகுப்பில் புயல் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து என் புத்தகங்கள் எல்லாம் ஊறிப்போனதையும், மாற்றுப் புத்தகம் வரும்வரை உன் ஒரே செட்டை வைத்து இருவரும் படித்ததையும். ஒரு பக்கம் நீ படித்துவிட்டு என்னிடம் தருவாய். புத்தகம் என் கையில் இருக்கும்போது உனக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால் படித்ததை நினைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாய். நான் கேள்வி கேட்பேன். அப்புறம் என் முறை. அந்தப் பரீட்சையில், முழுப் புத்தகமும் கையில் வைத்திருந்தவர்களைவிட நமக்குத்தானே அதிகம் ஞாபகம் இருந்தது? "மூடிக் கேள்" என்று அதற்குப் பெயர் வைத்தவளும் நீதான். நமக்கு ஒரே ஒரு சட்டம். தப்பான பதிலை எங்கேயும் எழுதி வைக்கக்கூடாது. சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட வேண்டும்.

மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுபோவது யார் என்று நான் கேட்டதற்கு, தூக்கக் கலக்கத்தில் நீ "கலெக்டர்" என்றாயே. இன்றைக்கும் ஒரு வண்டைப் பார்த்தால் கலெக்டர் வருகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சரியாகச் சொன்னவை பாதி மறந்துவிட்டன. தப்பாகச் சொன்னது ஒன்றுகூட மறக்கவில்லை.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சோஃபியா பள்ளி நூலகத்திலிருந்து கடல் ஆமைக் கதை ஒன்று எடுத்து வந்திருக்கிறாள். முட்டையிலிருந்து வெளியே வரும் குட்டி ஆமைகள், கடல்மேல் தெரியும் வெளிச்சத்தைப் பார்த்து அந்தப் பக்கமாக நடந்துபோகுமாம். யாரும் சொல்லாமலே புத்தகத்தை மூடித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, "அம்மா ஆமை முட்டை போட்டுட்டுப் போயிடுச்சே, குட்டிக்கு அதோட அம்மா யாருன்னு எப்பிடித் தெரியும்?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். பிறகு திறந்து தேடுகிறாள். எட்டு வயசுதான்! நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

உன் பதிலுக்காகப் பையைத் துழாவப் போகும்,
ஜொவி


மயிலாப்பூர்
29 ஜூன் 2025

ஜொவி செல்லம்,

உன் கடிதத்தில் முறுக்கு வாசனை மட்டும்தான் இருந்தது, முறுக்கைக் காணோம். உன் தங்கையை விசாரி.

புதுப் பள்ளியைப் பற்றிச் சொல்கிறேன், சிரிக்காதே. இங்கே எல்லாரிடமும் நாலு நிற மார்க்கர் பேனா இருக்கிறது. தேதிக்கு மஞ்சள், பெயருக்குப் பச்சை, காரணத்துக்கு ரோஸ், மிக முக்கியம் என்றால் ஆரஞ்சு. முடிக்கும்போது பக்கம் மாடவீதியில் மார்கழிக் கோலம் போட்ட மாதிரி இருக்கிறது. நானும் போட்டேன். மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை எல்லா வரியும் தெரிந்த முகமாகத் தெரிந்தது. ஆகா, எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்தேன். டெஸ்டில் கேள்வித்தாளைப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. லஸ் முனையில் தினமும் பார்க்கிற ஆளைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும், பேர் என்ன என்று கேட்டால் முழிப்போம் இல்லையா, அப்படி. பார்க்கும்போது தெரிவது ஒன்று, பார்க்காமல் தெரிவது வேறு. மறுநாளிலிருந்து நான் பழையபடி மூடிக் கேள்தான். தனியாகக் கேட்டுக்கொள்வதில் சிரிக்க ஆள் இல்லை, அதுதான் குறை.

சோஃபியா ஆமைக் கதையில் கேள்வி கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். நம் புயல் கதையையும் சொன்னேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "ஏண்டி, ரெண்டு வருஷமா இதை ஆத்துலயே வெச்சுண்டு எங்கிட்ட சொல்லலையே?" என்று கோபித்துக்கொண்டாள். டியூஷன் பிள்ளைகள் எல்லாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கப் போகிறாளாம். தி.நகரில் ஏ.சி. போட்ட பெரிய சென்டர் வந்ததிலிருந்து அம்மாவிடம் வருகிறவர்கள் பாதியாகிவிட்டார்கள், உனக்குத் தெரியும். பாங்க் வேலையை விட்டுவிட்டு ஆசையாக ஆரம்பித்தது. இது நடந்தால் அவளுக்கு எவ்வளவு நன்றாக இருக்கும்!

இரண்டு வரியிலாவது சீக்கிரம் பதில் போடு.

உன் கலெக்டர்,
ரஞ்சு


சாந்தோம்
20 ஜூலை 2025

ரஞ்சு,

எனக்கு வந்திருக்கும் கோபத்தில் இந்தப் பேனா உடையாமல் இருந்தால் ஆச்சரியம்.

நேற்று சோஃபியாவை அழைத்துப் போக உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீ ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தாய். வாசல் கேட்டில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ். "மூடிக் கேள்: வசுமதி மேடத்தின் புதிய கற்றல் முறை." பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பையன், அவன் தலைக்கு மேலே ஒரு குண்டு பல்பு. யார் அந்தப் பையன்? புயல் அடித்தபோது அவன் எங்கே இருந்தான்? என் ஊறிப்போன புத்தகத்தை வெயிலில் பிரித்துப் போட்டானா?

சரி, பெயரை எடுத்துக்கொள்ளட்டும். எனக்குப் பெயர் வேண்டாம். ஆனால் மாடியில் அந்தப் போர்டு! பிள்ளைகளின் பெயர் வரிசை, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஸ்டார். தனக்குத்தானே பத்துக் கேள்வி எழுதிப் புத்தகத்தை மூடிப் பதில் சொல்ல வேண்டுமாம். எத்தனை சரியோ அத்தனை ஸ்டார். சனிக்கிழமை முதலிடத்துக்குச் சாக்லேட். எங்கள் பள்ளி ஆட்டோ ஓட்டும் பீர் முஹம்மது அண்ணன்கூட என்னைப் பார்த்ததும், "இன்னாமா, உன் தங்கச்சிதான் ஃபர்ஸ்ட்டாமே! போர்டுல மேலயே பேரு கீது, சாக்லேட்டு எங்க?" என்றார்.

நான் சந்தோஷமாகத்தான் அவளுடைய கேள்விச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். கலங்கரை விளக்கம் பற்றிய பாடம். அவள் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்.

பாடம் எந்தப் பக்கத்தில் உள்ளது? முப்பத்தாறு.
பாடத்தின் தலைப்பு என்ன? கலங்கரை விளக்கம்.
படத்தில் எத்தனை படகு? இரண்டு.
படகின் நிறம் என்ன? நீலம்.

பத்துமே இப்படி. பத்துக்குப் பத்து. பத்து ஸ்டார்.

"ஏண்டி, லைட்ஹவுஸ் எதுக்கு இருக்குன்னு ஒரு கேள்வி கேக்கக் கூடாதா?" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாததத்தானே கேக்கணும்?"

அவள் என்னை ஒரு மக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "உனக்கு ஒண்ணுமே புரியல. தெரியாத கேள்விக்கு ஸ்டார் கிடையாது. நம்மளே கேட்டு நம்மளே ஃபெயில் ஆவணுமா?"

ரஞ்சு, அவள் சொல்வதில் தப்பே இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். போர்டு இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். மூடிக் கேள் வேலை செய்ததே தப்பாகச் சொன்னால் ஒன்றும் ஆகாது என்பதால்தான். குடத்தில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிக்கத்தான் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறோம். ஒழுகினால் அடி விழும் என்றால் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? ஆன்ட்டி நம் முறையை எடுத்துக்கொண்டு, அதன் உயிரை மட்டும் வெளியே போட்டுவிட்டார்கள்.

நீ தினமும் அந்த மாடியில்தானே இருக்கிறாய்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

பதில் வேண்டும்.
ஜொவிட்டா


மயிலாப்பூர்
27 ஜூலை 2025

ஜொவி,

உன் கடிதத்தை இரண்டு நாள் கழித்துத்தான் மறுபடி பிரித்தேன். உடனே எழுதியிருந்தால் நானும் பேனாவை உடைத்திருப்பேன்.

என் அம்மா உயிரை எடுத்து வெளியே போட்டாளா? போர்டு வைத்த பிறகுதான் புதிதாகப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். ஆரம்பத்தில் அம்மா போர்டெல்லாம் இல்லாமல்தான் செய்தாள். வருகிற ஒவ்வொரு அப்பாவும் அம்மாவும், "பிள்ளை என்ன படிச்சான்? மார்க் என்ன?" என்றுதான் கேட்டார்கள். "அவன் தன்னைத்தானே கேட்டுண்டான்" என்று சொன்னால் யார் டியூஷனுக்கு அனுப்புவார்கள்? உன் அப்பா மரியதாஸ் அங்கிளே போன வாரம் போர்டைப் போட்டோ எடுக்க வந்தார். "மேடம், என் பொண்ணு பேரு மேல தெரியிற மாதிரி நீங்களே ஒண்ணு எடுத்துடுங்க, மஸ்கட்ல கிளிஃபர்டுக்கு அனுப்பணும்" என்றார். மறுநாளே, அந்தப் போட்டோவுக்கு மஸ்கட்டிலிருந்து உன் சித்தப்பா போட்ட கைதட்டல் பொம்மைகளை எல்லாம் போனில் காட்டினார். அவரிடம் போய்ச் சொல் உன் ஓட்டைக் குடக் கதையை.

இன்னொன்றும் உண்டு. போன ஞாயிறு உன் பெரியம்மா வீட்டு விருந்தில் சோஃபியாவை நாற்காலிமேல் நிற்க வைத்து, எல்லார் முன்னாலும் ஆமைக் கதையில் கேள்வி கேட்டாயாமே? அவள்தான் சொன்னாள். "அக்கா கேட்டப்ப எனக்கு வயித்த வலிச்சுது" என்றாள். நீ செய்தால் பாடம், என் அம்மா செய்தால் பாவமா?

அம்மாவிடம் நான் சொல்லாமல் இல்லை. சொன்னேன். "எனக்கும் தெரியறதுடி, ஆனா எதைக் காட்டி ஃபீஸ் வாங்கறது?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உன்னிடம் இருந்தால் எழுது. கோபத்தை எழுதாதே.

ரஞ்சனி


மயிலாப்பூர்
10 ஆகஸ்ட் 2025

ஜொவிட்டாவுக்கு,

நேற்று நடந்ததை நீ உன் வீட்டில் எப்படிச் சொல்லிக்கொண்டாயோ தெரியாது. நான் பார்த்ததை எழுதுகிறேன்.

டியூஷன் பெற்றோர் கூட்டத்துக்கு எல்லாரும் எங்கள் மாடியில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போர்டைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். மரியதாஸ் அங்கிள் முன் வரிசையில். நீ அவருக்குப் பின்னாலிருந்து எழுந்தாய். "ஆன்ட்டி, ஒரு நிமிஷம். சோஃபியா, எழுந்திரு. லைட்ஹவுஸ் எதுக்கு இருக்கு? சொல்லு" என்றாய்.

அவள் எழுந்தாள். உன்னைப் பார்த்தாள், போர்டைப் பார்த்தாள். "முப்பத்தாறாம் பக்கம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் காது சிவந்துபோனதை நீ பார்க்கவில்லை, ஏனென்றால் நீ என் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "பாத்தீங்களா? இதான் உங்க பத்து ஸ்டாரு. இது எங்க முறை ஆன்ட்டி, நீங்க எடுத்துக் கெடுத்துட்டீங்க" என்றாய்.

நீ சொன்னது உண்மை. ஆனால் அந்த உண்மையைச் சொல்ல உன் தங்கையை ஏணியாக்கி ஏறினாய். நாற்காலி விஷயம் எழுதி இரண்டு வாரம்தான் ஆகிறது, ஜொவிட்டா.

இரண்டு பேர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். அம்மா சாயந்திரம் காபிகூடக் குடிக்கவில்லை. "அந்தப் பொண்ணு சொன்னது தப்புன்னு என்னால சொல்ல முடியலைடி. ஆனா எல்லார் எதிர்லயுமா?" என்று மட்டும் கேட்டாள்.

இனி சோஃபியாவின் பையில் கடிதம் வைக்காதே. அவள் நமக்குத் தபால்காரி இல்லை.

ஸ்ரீரஞ்சனி


சாந்தோம்
31 ஆகஸ்ட் 2025

ரஞ்சு,

இதைத் தபாலில் போடுகிறேன். பையில் வைக்கவில்லை.

நாற்காலி உண்மை. அன்று மாடியில் செய்ததும் உண்மை. அவள் காதை நான் பார்க்கவில்லை என்று நீ எழுதியதைப் படித்த பிறகு, மூன்று நாள் அவளுடைய காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என் கோபம் போகவில்லை. போனதாகச் சொன்னால் அது பொய்.

நேற்று முன்தினம் கொடியேற்றத்துக்கு பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு நடந்தே போனோம். வழக்கமாக இந்த நடையில் சோஃபியா கேள்வி கேட்டே உயிரை வாங்குவாள். காவிச் சேலை ஏன், அடையாறு பாலத்துக்குக் கீழே தண்ணீர் ஏன் கறுப்பு, மாதாவுக்குக் கால் வலிக்காதா? இந்த வருஷம் ஒன்றுமே கேட்கவில்லை. அப்பாவே, "இன்னாடி, வாயில கொழுக்கட்டையா?" என்றார். கோயில் அருகே பிளாட்பாரக் கடையில் திமிங்கிலம் பற்றிய ஒரு கதைப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். அட்டையைப் பார்த்தாள். "இதுக்கு ஸ்டார் உண்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

யார் முன்னாலும் இல்லாமல், படுக்கையில், விளக்கை அணைத்த பிறகு மெதுவாகக் கேட்டேன். ஜூனில் படித்த ஆமைக் கதை முழுவதும் அவளுக்கு நினைவிருக்கிறது. குட்டிகள் வெளிச்சத்தைப் பார்த்து நடப்பது, நண்டு துரத்துவது, எல்லாம். பத்து ஸ்டார் வாங்கிய பாடங்களில் பக்க எண்தான் நினைவிருக்கிறது. தலையணைக்கு அடியில் புத்தகத்தை வைத்துவிட்டுத் தானாகக் கேட்டுக்கொண்டவளை நாம் எங்கே தொலைத்தோம்? நாம் என்றுதான் எழுதுகிறேன். உன் அம்மா, என் அப்பா, நான். நீயும்தான், என்னைத் திட்டிவிட்டு அந்தப் போர்டில் தினமும் ஸ்டார் வரைந்துகொண்டிருப்பதால்.

ஃபீஸுக்கு எதைக் காட்டுவது என்று கேட்டாய். எனக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்றாவது நான் சொல்கிறேன்.

ஜொவி


சாந்தோம்
14 செப்டம்பர் 2025

ரஞ்சு,

நீ பதில் போடவில்லை. பரவாயில்லை, இதையும் படித்துவிட்டு வை.

வகுப்புத் தேர்வில் சோஃபியாவிடம் கலங்கரை விளக்கத்தின் பயன் என்ன என்று கேட்டிருந்தார்கள். அவள் ஒன்றும் எழுதவில்லை. தப்பாகக்கூட எழுதவில்லை, ரஞ்சு. வெறும் இடம். அப்பா விடைத்தாளைப் பிடித்துக்கொண்டு, "போர்டுல பத்து, பேப்பர்ல முட்டையா? யாரை ஏமாத்துற?" என்று அவளைத்தான் கேட்டார். அவளையா கேட்பது? போர்டைப் போட்டோ எடுத்த போனை அல்லவா கேட்க வேண்டும்?

வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் எதிரே கத்தக் கூடாது என்று.

ஜொவி


மயிலாப்பூர்
3 அக்டோபர் 2025

என் ஜொவி,

உன் இரண்டு கடிதங்களும் என் அறிவியல் புத்தகத்துக்குள் இருக்கின்றன. பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் உன்மேல் இருந்த கோபத்தைவிட "ஸ்டார் வரைந்துகொண்டிருக்கிறாய்" என்ற வரிதான் குத்தியது. வரைந்துகொண்டுதான் இருந்தேன். அதனால் எழுதவில்லை.

இப்போது எழுத ஒரு விஷயம் இருக்கிறது.

முந்தாநாள் எங்கள் வீட்டில் சரஸ்வதி பூஜை. உனக்குத்தான் தெரியுமே, எல்லாப் புத்தகத்தையும் கொலுவுக்கு முன்னால் அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால் அன்று யாரும் படிக்கவோ எழுதவோ கூடாது. டியூஷன் பிள்ளைகளின் புத்தகங்களும் வந்திருந்தன. அம்மா போர்டையும் விடவில்லை. ஸ்டார் எல்லாவற்றையும் துடைத்து, நாலு மூலையிலும் சந்தனம் இட்டு, புத்தகங்களுக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். சுண்டல் வாங்கப் பிள்ளைகள் வந்தார்கள். சோஃபியாவும் வந்தாள். பிறகு மழை பிடித்துக்கொண்டது. பீர் முஹம்மது அண்ணன் ஆட்டோ எங்கேயோ தண்ணீரில் நின்றுவிட்டது. பிள்ளைகள் மாடியில் மாட்டிக்கொண்டார்கள். புத்தகம் இல்லை, போர்டு இல்லை, என் போனும் பீரோவில்.

எனக்குப் புயல்தான் ஞாபகம் வந்தது. "புக்கு எல்லாம் பூஜைல இருக்கு. யாருக்கு என்ன ஞாபகம் இருக்கு, பாக்கலாமா?" என்றேன்.

எல்லாரும் போர்டு மாட்டியிருந்த ஆணியைப் பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும், "ஸ்டார்?" என்றாள்.

"போர்டும் பூஜைல இருக்கே. இன்னிக்கு அதுல எழுதினா சாமி கண்ணைக் குத்தும்."

ஜொவி, அவர்கள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பரீட்சை தள்ளிப்போய்விட்டது என்று சொன்ன மாதிரி. நான் கலெக்டர் கதையைச் சொன்னேன். உருண்டு உருண்டு சிரித்தார்கள். அப்புறம் ஆரம்பித்தது பார், தப்பு மழை. ஒருத்தி இதயத்தில் நாலு பெட்ரூம் என்றாள். இன்னொருத்தி அவளைத் திருத்தப் போய் அவளும் தப்பாகச் சொன்னாள். தப்பு வந்ததும், சரி என்ன என்று எல்லாருக்கும் அரிக்க ஆரம்பித்துவிட்டது. பூஜைப் புத்தகத்தைத் திறக்கவும் முடியாது. "நாளைக்கு முதல் வேலை இதைப் பாக்கணும்" என்று சத்தியம் செய்கிறார்கள். நானும் இந்த வருஷத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

உன் தங்கை மட்டும் கடைசிவரை சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தாள். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. யாரையும் எழுப்பி நிறுத்தவும் இல்லை. எல்லாரும் ஓய்ந்த பிறகு திரும்பினாள்.

"அக்கா, கப்பலுக்கு வழி தெரியத்தானே லைட்ஹவுஸ்ல லைட்டு போடறாங்க?"

"ஆமா."

"குட்டி ஆமைங்க வெளிச்சத்தப் பாத்துத்தானே நடக்கும்? அப்போ லைட்ஹவுஸ் வெளிச்சத்தப் பாத்து, கடல்னு நெனச்சு ரோட்டுக்கு வந்துடாதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சுண்டல் தட்டோடு வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தேன். அம்மா தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, "எனக்குத் தெரியலையேடி கொழந்தே" என்றாள்.

"ஆன்ட்டிக்கே தெரியல!" என்று சோஃபியா கத்தினாள். அவள் அப்படிக் குதித்து நான் பார்த்ததே இல்லை.

நேற்று விஜயதசமி. புத்தகங்களை எடுத்து எல்லாரும் ஆளுக்கு ஒரு பாடம் படித்தார்கள். சோஃபியா சீட்டு வாங்கி அந்த ஒரு கேள்வியை மட்டும் எழுதினாள். பதில் எழுதும் இடத்தைக் காலியாக விட்டாள். அந்தச் சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மா போர்டை மறுபடி மாட்டினாள். சந்தனத்தைத் துடைக்கவில்லை. பெயர்களும் எழுதவில்லை. நடுவில் அந்த ஆமைக் கேள்வியை எழுதி, கீழே, "தெரிந்தவர் வந்து சொல்லலாம்" என்று போட்டாள்.

ஃபீஸ் என்ன ஆகும் என்று அம்மாவுக்கும் தெரியாது. கேட்டால், "பாக்கலாம்" என்கிறாள்.

கொலு இன்னும் இரண்டு நாள் இருக்கும். உன்னைக் கூப்பிட வேண்டியதில்லை, ஆனாலும் கூப்பிடுகிறேன்.

உன்
ரஞ்சு


சாந்தோம்
12 அக்டோபர் 2025

அன்பு ரஞ்சு,

கொலுவுக்கு நான் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். படித்துவிட்டு உன் அம்மாவிடம் நீயே மெதுவாகச் சொல்.

அந்தச் சீட்டை என் ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். வகுப்புத் தேர்வில் அவள் விட்ட வெற்றிடமும் வெற்றிடம்தான், இதுவும் வெற்றிடம்தான். இதைப் பார்த்து நான் அழுதேன், அதைப் பார்த்தபோது கத்த வேண்டும்போல இருந்தது. உனக்கு விளக்க வேண்டியதில்லை.

அப்பா போன வாரம் சோஃபியாவை அழைக்க உங்கள் மாடிக்கு வந்தார் இல்லையா? போர்டைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னார்: "பேரு இல்ல, மார்க்கு இல்ல, ஒரே ஒரு கேள்வி எழுதி வச்சிருக்காங்க, அதுக்கும் அவங்களுக்கே பதில் தெரியலையாம்! காசு குடுத்துக் கேள்வியா வாங்கறது?" நாளை முதல் சோஃபியா தி.நகர் ஏ.சி. சென்டருக்குப் போகிறாள். அங்கே தினமும் மார்க் அப்பாவின் போனுக்கே வருமாம்.

ரஞ்சு, நான் ஆகஸ்டில் எழுந்து நின்று கேட்டபோது இந்த அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் பெண்தான் பத்து ஸ்டாரோடு முப்பத்தாறாம் பக்கம் என்றாள். அதே பெண், இரண்டு புத்தகத்தை ஒன்றோடு ஒன்று மோதவிட்டு, எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு கேள்வியைக் கண்டுபிடித்திருக்கிறாள். அது அவருடைய போனுக்கு வரவில்லை. ஆகவே அது நடக்கவில்லை!

இந்த முறை யார் எதிரேயும் கேட்கவில்லை. மொட்டை மாடியில் அவர் துணி எடுக்கும்போது தனியாகப் போய்ச் சொன்னேன். ஆமைக் கேள்வி யார் கேட்டது தெரியுமா என்றேன். கையில் சட்டையோடு நின்றார். "நெஜமாவே அவளா கேட்டா?" என்றார். எங்கள் மாடியிலிருந்து தெரியும் லைட்ஹவுஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு, "அட்வான்ஸ் கட்டிட்டேன்மா" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். நான் இன்னும் அந்த மாடியிலேயே நிற்பதுபோல இருக்கிறது. கத்தினாலும் கேட்கவில்லை, மெதுவாகச் சொன்னாலும் கேட்கவில்லை என்றால் எப்படித்தான் சொல்வது?

உன் அம்மா போர்டைத் துடைத்தார்கள். அதற்கு நாங்கள் கொடுத்த கைம்மாறு இது. வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் கொலுவுக்கு வரக் கால் வரவில்லை.

ஆனால் வருகிற சனிக்கிழமை சாயந்திரம் வருகிறேன். ஆன்ட்டியிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். குற்றம் சொன்னது எல்லார் எதிரிலும் என்பதால் மன்னிப்பையும் பிள்ளைகளும் பெற்றோரும் இருக்கும்போதுதான் கேட்பேன். இந்த ஒன்றுக்கு மட்டும் ஆளை எழுப்பி நிறுத்தலாம், நானே எழுந்து நிற்கிறேன். சொன்ன விஷயத்தைத் திரும்பப் பெற மாட்டேன், சொன்ன விதத்தை மட்டும்தான். அதை ஆன்ட்டி புரிந்துகொள்வார்கள்.

சோஃபியாவும் கூட வருகிறாள். டியூஷனுக்கு இல்லை, சும்மா. ஏ.சி. சென்டரில் என்ன செய்வாய் என்று நேற்று அவளிடம் கேட்டேன். அவள் திமிங்கிலப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "அங்க போய் தெரிஞ்ச கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கறேன்க்கா, அப்பா போனுக்கு மார்க் வரட்டும். தெரியாதத எல்லாம் சனிக்கிழமைக்கு வச்சிக்கலாம்."

உன்
ஜொவி